தம்பியின் பறவைக் காவடிக்குத் துணை நின்றவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நல்லபடியாக முடிந்தது. தம்பி பறவைக் காவடி எடுத்து வேண்டுதலை நிறைவேற்றிவிட்டான். அன்றைக்கு யாரிடமும் முகம் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்ததில், யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்த மடல்.

வேண்டுதல் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கப் போன அம்மாவைக் காட்டுமாடு முட்டித் தள்ளியது. அம்மா எழுந்து நடந்தால் பறவைக் காவடி எடுக்கிறேன் என்று தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தான். அன்று அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, அந்தச் செங்குத்துச் சரிவிலிருந்து ரோடு வரை தூக்கி வந்த பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து, காவடிக்காகத் தம்பி உடம்பில் கொக்கி முள் குத்திய தாத்தாவுக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்ட வேலைக்கு நீலகிரி வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். இலங்கையில் ஹட்டன் பக்கம் வாலிபராக இருந்தபோதே பழகிய கை. தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்கி, திருநீறு தடவி, சதைக்குள் இறங்காமல் தோலோடு மட்டும் முள்ளை ஓட்டி எடுத்தார். தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வரை இரண்டு வரிசை. உருமி அதிர்கிறது, சுற்றிலும் ‘ஓம் சக்தி, பராசக்தி’ என்ற குரல். நான் ரத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடத்தில் கடுகளவு கசிந்தது, அவ்வளவுதான்.

கயிறு கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று தாத்தா சொன்னார். பாரம் எல்லா முள்ளுக்கும் ஒன்றுபோலப் பிரிய வேண்டும். ஒரு கயிறு தளர்ந்தாலும் பக்கத்து முள் அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்கித் தோலைக் கிழித்துவிடும். அதனால் டிராக்டரில் கட்டிய உத்தரத்தில் தம்பியைத் தொங்கவிட்ட பிறகும் ஒவ்வொரு கயிறாகச் சுண்டிப் பார்த்தார். இடது தொடைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தார். வண்டி கிளம்பலாம் என்று எல்லோரும் அவசரப்படுத்தியபோதும் அவர் அசையவில்லை. தாத்தா, அந்த நிதானத்துக்கு நான் உங்கள் காலில் விழ வேண்டும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவை மறக்கவே முடியாது. காப்புக் கட்டுவதற்கு முன்பே கமிட்டியில் வந்து உட்கார்ந்து, ஒரே முள்ளைப் பலருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகூட ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றலாம் என்று பொறுமையாக விளக்கினார். அவரவருக்குத் தனித்தனியாகப் புது முள், புது அலகு, எல்லாம் குக்கரில் வேகவைத்து எடுத்தது என்று முடிவானது. காவடி எடுத்தவர்களுக்கும் கன்னத்தில் அலகு குத்திய பிள்ளைகளுக்கும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுவிட்டார். தாத்தாவும் மனம் கோணாமல் ஒத்துக்கொண்டார். இலங்கையிலிருந்து கொண்டுவந்த பழைய முட்கள் இப்போது அம்மன் காலடியில் தட்டில் இருக்கின்றன.

டிராக்டர் ஓட்டிய அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? பிரேக்கில் கால் பட்டால் மேலே தொங்குகிறவன் ஊஞ்சலாடுவான், ஒவ்வொரு ஆட்டமும் தோலை இழுக்கும். அந்த மேட்டிலும் வளைவிலும் முதல் கியரை மாற்றாமல், ஒரு குலுங்கல் இல்லாமல் ஓட்டினார். உத்தரம் ஆடாமல் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வந்த பிள்ளைகளின் உள்ளங்கை கன்றிப்போயிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். வளைவில் எதிரே வந்த பஸ்ஸை ஓரங்கட்டி, இன்ஜினையும் அணைத்துவிட்டு இறங்கிக் கும்பிட்ட டிரைவர் யாரென்று தெரியவில்லை. அவரும் நன்றாக இருக்கட்டும்.

வழியில் இருக்கும் ஹட்டிக்காரர்கள் (படுகர் ஊர்க்காரர்கள்), வெறுங்காலோடு நடக்கிறோம் என்று தார் ரோட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நாங்கள் போய்க் கும்பிடுவதும், எங்கள் மாரியம்மனுக்கு அவர்கள் வருவதும் புதிதல்ல. ஆனாலும் ஒரு பாட்டி அம்மாவை அணைத்துக்கொண்டு அழுதது எங்களுக்கு மறக்காது. ஊர்வலத்துக்கு முன்னால் போய்த் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்து வந்த வனக் காவலர்களுக்கும் நன்றி. அவர்கள் முன்னால் போனதால்தான் அம்மா அந்த ரோட்டில் தைரியமாக நடந்தார்.

இந்தக் காலத்தில் இப்படி உடம்பை வருத்த வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நானும் தம்பியிடம் கேட்டவள்தான். யாரையும் எடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கோவில் வாசலில் வண்டி நின்றபோது, தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்ட, அவன் தொங்கியபடியே ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு பூசினான். கூட்டத்தோடு கூட்டமாக அம்மாவும் வந்து நின்றார். அவர் நெற்றியில் பூசும்போது மட்டும் அவன் விரல் நடுங்கியது. அதை நேரில் பார்த்தவள் நான். அவனிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வராது.

முள் கழற்றும்போது செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதும் உடனே ஒத்துழைத்த இளைஞர்களுக்கும் நன்றி. காயமெல்லாம் ஆறிவிட்டது, தம்பி திருப்பூர் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

கூழ் காய்ச்ச நீங்கள் கொடுத்த அண்டாக்களும், பந்தலுக்குக் கொடுத்த படுதாவும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாம் லயத்துப் பெரியம்மா வீட்டு அண்டா எது என்று மட்டும் தெரியவில்லை. வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.