எடை குறைந்த வயர்லெஸ் கேமிங் மவுஸ் தேர்வு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேமிங் மவுஸ் வேண்டி எங்களுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்பதையே. அடுத்த கேள்வி "எத்தனை டிபிஐ?" (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அது எத்தனை புள்ளிகளாகப் பதிவாகும் என்பதன் அளவு) என்பதாக இருக்கும். தமது கையின் அளவைச் சொல்லி, அதற்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் மிகச் சிலர். கையளவே முதலில் வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆகவே, வலக்கை வளைவுள்ள, எடை குறைந்த வயர்லெஸ் மவுஸ் ஒன்றை விற்பனைக்கு எடுக்குமுன் நாங்கள் எவற்றைப் பார்க்கிறோம், எதற்கு எவ்வளவு மதிப்பளிக்கிறோம் என்பதை இம்மடலில் விளக்குகிறோம். இனி எங்கள் பொருள் விவரப் பட்டியலில் நீளம், அகலம், உயரம், முதுகு மேடு (மவுஸின் மேற்பரப்பில் மிக உயர்ந்த பகுதி) அமைந்துள்ள இடம் ஆகியவை முதலிலும், எடை அவற்றுக்குப் பின்னும், டிபிஐ கடைசியிலும் இடம்பெறும்.

எர்கோனாமிக், அதாவது உடலமைப்புக்கு ஏற்றது, என்ற சொல் பெட்டிகளின் மேல் தாராளமாக அச்சிடப்படுகிறது. கேமிங் மவுஸைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஒரே அமைப்பைத்தான் குறிக்கிறது: ஆள்காட்டி விரல் இருக்கும் இடப்பக்கம் உயர்ந்தும், சுண்டுவிரல் இருக்கும் வலப்பக்கம் சரிந்தும், கட்டைவிரலுக்கு ஒரு குழிவு விட்டும் செய்யப்பட்ட வலக்கை வடிவம். மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரரிலும், இன்று விற்கும் ரேசர் டெத்ஆடர், ஸோவி இசி வரிசைகளிலும் இந்தச் சரிவைக் காணலாம். உள்ளங்கை மேசைக்குத் தட்டையாகக் கவிழாமல் சற்றே சாய்ந்து நிற்பதால், நெடுநேரம் பிடித்திருக்கும்போது பலருக்கு இது இயல்பாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாய்வு மிகச் சிறியது. அலுவலகப் பணிக்கென்று செய்யப்பட்ட லாஜிடெக் எம்எக்ஸ் வெர்டிகல் கையை 57 பாகை சாய்த்து வைக்கிறது. கேமிங் மவுஸின் சாய்வு அதன் அருகில்கூட வராது. ஆகவே மணிக்கட்டு வலிக்கு மருந்தாக எண்ணி இதை வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். வலி இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்த பின் மவுஸைப் பார்ப்பதே முறை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வடிவம் பயன்படாது. அவர்களுக்குச் சமச்சீர் வடிவ மவுஸையே பரிந்துரைக்கிறோம். அவற்றிலும் பக்கவாட்டுப் பொத்தான்கள் பெரும்பாலும் இடப்புறம் மட்டுமே இருக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

செருப்பு வாங்கப் போகிறவர் அதன் எடையைக் கேட்பதில்லை, அளவைத்தான் கேட்கிறார். மவுஸுக்கும் அளவு உண்டு. உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு விரல்களை நீட்டி, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளத்தையும், கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் அடிப்பகுதியில் அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள். கை நீளத்தில் 60 விழுக்காடு மவுஸின் நீளமாக இருக்கலாம் என்று விளையாடுவோரிடையே ஒரு கணக்கு உண்டு, 20 செ.மீ. கைக்கு 12 செ.மீ. மவுஸ் என்று அது சொல்லும். இக்கணக்கைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் பிடிக்கும் முறைக்கு ஏற்ப விடை மாறிவிடுகிறது. உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படியுமாறு பிடிக்கும் பாம் கிரிப் பழக்கம் உள்ளவருக்கு, 12.8 செ.மீ. நீளமும் 6.8 செ.மீ. அகலமும் கொண்ட ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோ போன்ற பெரிய உடல் இதமாக இருக்கும். அதே கையளவு உள்ள ஒருவர் விரல்களை மடக்கி நுனியால் அழுத்தும் க்ளா கிரிப் பழக்கத்தினர் என்றால், அவருக்கு அது நீளமாகத் தோன்றலாம். விரல் நுனிகளால் மட்டும் பிடிக்கும் ஃபிங்கர்டிப் கிரிப் பழக்கத்தினருக்கு இந்த வடிவமே பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. உயர்ந்த முதுகு மேடு உள்ளங்கையில் இடித்து, விரல்கள் மவுஸைப் பின்னுக்கு இழுக்கும் இடத்தை அடைத்துவிடுகிறது. சிறிய கை உள்ளவர்கள் ஒரே வடிவம் பல அளவுகளில் வரும் வரிசைகளைத் தேடுவது நல்லது. ஸோவி இசி வரிசையில் எண் கூடக்கூட அளவு குறைகிறது என்பதால், இசி1 பெரியது, இசி3 சிறியது.

பொருந்துகிறதா என்பதைக் கையில் எடுத்தவுடன் முடிவு செய்யாதீர்கள். புதிய மவுஸ் எதுவும் முதல் சில நிமிடங்களுக்குப் புதுமையாகவே இருக்கும். வழக்கமாக விளையாடும் விளையாட்டை ஆடத் தொடங்கி, மவுஸை மறந்த பிறகு கை எங்கே போய் அமர்கிறது என்று பாருங்கள். மோதிர விரல் வலப்புற விளிம்பில் தங்க இடமின்றி மேலே ஏறி வலது பொத்தானில் படுகிறதா, சுண்டுவிரல் மவுஸ் பேடில் உரசிக்கொண்டே போகிறதா, மவுஸைத் தூக்கி இடம் மாற்றும்போது கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தானைத் தன்னையறியாமல் அழுத்துகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் போதும். இவற்றில் ஒன்று தொடர்ந்து நடந்தால், அந்த மவுஸ் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் உங்கள் கைக்கு உரியது அன்று.

இனி எடைக்கு வருவோம். 2014இல் வந்த லாஜிடெக் ஜி502 மவுஸ் 121 கிராம் எடை கொண்டது. அது போதாதென்று, மேலும் கனமாக்கிக்கொள்ள 3.6 கிராம் எடைக்கட்டிகள் ஐந்து பெட்டியிலேயே தரப்பட்டன. ஆறு ஆண்டுகளில் அதே நிறுவனம் 63 கிராமுக்கும் குறைவான ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட்டை வயர்லெஸாகவே வெளியிட்டது. வலக்கை வடிவத்தில் 2022இல் வந்த டெத்ஆடர் வி3 ப்ரோவும் ஏறத்தாழ அதே 63 கிராம்தான். இந்த மாற்றம் உண்மையான பயன் தருவது. குறிப்பாக, டிபிஐயைக் குறைத்து வைத்துக்கொண்டு கையை அகலமாக வீசி ஆடுபவர்கள் மவுஸை அடிக்கடி தூக்கி வைக்க வேண்டியிருப்பதால், அவர்கள் இதை உடனே உணர்வார்கள்.

ஆனால் 63 கிராமுக்கும் 55 கிராமுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அதே அளவுக்கு மதிப்பிட எங்களால் இயலவில்லை. மனிதக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, 65 கிலோ எடையுள்ளவருக்கு விரல் முதல் மணிக்கட்டு வரை சுமார் 400 கிராம். மவுஸை முன்கையால் நகர்த்தும்போது இந்த 400 கிராமும், அதற்குப் பின்னால் முன்கையின் எடையும் சேர்ந்தே நகர்கின்றன. அந்தக் கூட்டுத்தொகையில் 8 கிராம் என்பது சிறு பங்கு. விரல் நுனியால் மட்டும் நகர்த்துபவர்களுக்கு அது பெரிதாகத் தெரியலாம். ஆனால் முன்னரே சொன்னபடி, அவர்களுக்கு இவ்வடிவமே அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இதைவிட, எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். மவுஸின் அடியில் அசைவைப் பதிவு செய்யும் சென்சார் உள்ளது; மவுஸை அந்தச் சென்சார் துளைக்கு நேர் அடியில் ஒரு விரல் மேல் நிறுத்திப் பார்க்கிறோம். பின்புறம் தொங்கினால் பேட்டரி பின்னால் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மவுஸைத் தூக்கும்போது அதன் மூக்கு முதலில் எழும், பின்பகுதி பேடில் இழுபடும். 60 கிராமில் சமநிலை கெட்ட மவுஸைக் காட்டிலும் 70 கிராமில் சமநிலை உள்ள மவுஸ் கைக்கு இலகுவாக இருக்கும்.

எடையை எவ்வாறு குறைத்தார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. 2019இல் வந்த குளோரியஸ் மாடல் ஓ உடலெங்கும் தேன்கூட்டுத் துளைகளுடன் 67 கிராமுக்கு இறங்கியது. வியர்வையும் தூசியும் உள்ளே போவதை விரும்பாதவர்கள் பலர் இருந்ததால், இப்போது சுவரை மெலிதாக்கி, விளக்குகளை நீக்கி, பேட்டரியைச் சிறிதாக்கித் துளையில்லாமலேயே அந்த எடைக்குக் கீழே வந்துவிட்டார்கள். சுவர் மெலிந்தால் உறுதி குறையக்கூடும். பக்கவாட்டுப் பொத்தான்களுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, விளையாட்டின் பதற்றத்தில் பிடிக்கும் அளவுக்கு அழுத்துகிறோம். பிளாஸ்டிக் சற்று வளைவதைக் குறையாகக் கருதுவதில்லை. வளையும்போது பொத்தான் தானாக அழுந்தினால் அந்த மாடலைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினால் ஸ்க்ரோல் சக்கரம் லேசாகச் சலசலப்பது பல மவுஸ்களில் இயல்பு. உள்ளே ஏதோ கழன்று உருள்வது போன்ற ஒலி இயல்பன்று.

சென்சார் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஏடபிள்யூ3395 சென்சார் 26,000 டிபிஐ வரை செல்லும். நொடிக்கு 650 அங்குல வேகம் வரை தடம் தவறாது. அதாவது நொடிக்குப் பதினாறு மீட்டருக்கும் மேல். எந்தக் கையும் பேடின் மேல் அவ்வேகத்தில் போவதில்லை. பெரும்பாலோர் ஆடுவது 400 முதல் 1600 டிபிஐக்குள்தான், ஆகையால் பெட்டியில் உள்ள பெரிய எண்ணுக்காகக் கூடுதல் செலவு செய்ய வேண்டியதில்லை. சரிபார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு எளிய சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். விண்டோஸில் சுட்டியின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை நிறுத்தி, வேகத்தை நடுநிலையில் வைத்து, 400 டிபிஐயில் அளவுகோலை ஒட்டி மவுஸைச் சரியாக 10 செ.மீ. நகர்த்தினால், திரையில் சுட்டி ஏறத்தாழ 1575 பிக்சல்கள் நகர வேண்டும். மற்றொன்று, தூக்கும்போது சென்சார் எவ்வளவு உயரத்தில் பார்ப்பதை நிறுத்துகிறது என்பது. ஒரு குறுந்தகட்டின் தடிமன் 1.2 மி.மீ. மவுஸின் பாதங்களுக்கு அடியில் மட்டும் குறுந்தகடுகளை வைத்து, சென்சார் நேராகப் பேடைப் பார்க்குமாறு விட்டு அசைத்தால், நல்ல மவுஸில் சுட்டி அசையாது அல்லது அரைகுறையாகவே அசையும். இரண்டு தகடுகளின் உயரத்திலும் தடையின்றி ஓடினால், மென்பொருளில் அந்த உயரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வயர்லெஸ் என்றால் தாமதம் என்ற பழைய அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு அலைவாங்கி) வழியாக இணைத்தால், இன்றைய நல்ல மவுஸ்களில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. புளூடூத் இணைப்பு அலுவல் வேலைக்கு உதவும். வேகமான விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். எங்களுக்கு வரும் "விட்டுவிட்டு ஓடுகிறது" என்ற புகார்களில் பலவற்றுக்கு மவுஸ் காரணமாக இருப்பதில்லை, டாங்கிள் செருகப்பட்ட இடமே காரணமாக இருக்கிறது. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணமாக வெளியிட்டது. கணினிப் பெட்டியின் பின்புறம், வெளிப்புற ஹார்டு டிஸ்க்கின் வயருக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகினால், அந்த இரைச்சலின் நடுவே, உலோகப் பெட்டிக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்ததாகிவிடும். பெட்டியில் தரப்படும் நீட்டிப்பு வயரைப் பயன்படுத்தி, டாங்கிளைப் பேடுக்கு ஒரு சாண் தொலைவில் மேசை மேலேயே வையுங்கள்.

போலிங் ரேட் என்பது மவுஸ் தன் நிலையை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதன் அளவு. 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை. 8000 ஹெர்ட்ஸ் என்றால் 0.125 மில்லி நொடிக்கு ஒரு முறை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குச் செல்லவே ஏறத்தாழ 7 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளிக்குள் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான ஆதாயத்தைப் பெற, பேட்டரியைப் பன்மடங்கு வேகமாகச் செலவழிப்பதும் பிராசஸருக்குச் சுமை கூட்டுவதும் பெரும்பாலோருக்குத் தேவையற்றவை. 240 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மானிட்டரும் வலுவான கணினியும் உள்ளவர்கள் விரும்பினால் முயன்று பார்க்கலாம்.

ஸ்விட்ச் விஷயத்தில் 10 கோடி கிளிக் என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளுக்குப் பத்தாயிரம் முறை அழுத்தினாலும் 10 கோடியை எட்ட 27 ஆண்டுகள் ஆகும்; ஆனால் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும் கோளாறு அதற்கு வெகு முன்பே தோன்றக்கூடும். ஸ்பிரிங் உடைவதால் அக்கோளாறு வருவதில்லை. உலோகத் தொடுமுனைகள் தேய்ந்தும் கறைபடிந்தும் போவதால் வருகிறது. ஆப்டிகல் ஸ்விட்ச்சில் ஒளிக்கற்றை மறைவதும் விடுபடுவதுமே கிளிக்காகப் பதிவாவதால் இக்கோளாறுக்கு இடமில்லை. அதன் அழுத்த உணர்வு சிலருக்குப் பிடிப்பதில்லை என்பதால், இரு வகைகளையும் விற்பனையில் வைத்திருக்கிறோம்.

மவுஸ் உங்களிடம் வந்து சேர்ந்ததும் அடிப்பாதங்களின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதை உரிக்காமல் "சறுக்கவில்லை" என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றக் கணினியின் யுஎஸ்பி இணைப்பே போதும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால் பேட்டரியை முழுவதும் தீரவிடாமல் பாதியளவு சார்ஜுடன் அணைத்து வையுங்கள்.

ஆர்டர் செய்யும்போது, கையின் நீளம், அகலம், பிடிக்கும் முறை, இப்போது பயன்படுத்தும் மவுஸ், அதில் உங்களுக்குப் பிடிக்காதது ஆகியவற்றைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது எங்களுக்கு மிகவும் உதவும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாடல் அவற்றுக்கு ஒத்துவராது என்று தோன்றினால், அனுப்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிவிப்போம்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவினர்