தகாமட்சுவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்து பதினொரு நாள் ஆகிறது. இட்லிப் பொடி டப்பாவுக்கு அடியில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை அன்றைக்கே படித்துவிட்டேன். பொங்கலுக்குக்கூட ஒரு போன் இல்லையே என்று எழுதியிருந்தாய். தப்புதான் அக்கா. இங்கே வேலை கொஞ்சம் அதிகம், வேறொன்றும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது.

அண்ணாச்சி மகன் சித்திரை வாக்கில் இந்த ஊருக்கே படிக்க வருகிறானாமே. சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று அண்ணாச்சி கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன், இந்தத் தாளை அவனிடம் கொடுத்துவிடு.

இந்தப் பக்கமெல்லாம் உடோன்தான். கோதுமை மாவில் தடிமனாகச் செய்யும் நூடுல்ஸ். தகாமட்சு இருக்கிற இந்தக் காகவாதான் ஜப்பானிலேயே பரப்பில் சின்ன மாநிலம். மழை குறைவு, பெரிய ஆறு கிடையாது, நம்ம பக்கம் மாதிரி கண்மாயை நம்பித்தான் விவசாயம். அதனால் கோதுமைக்கு இடம் கிடைத்தது. சோயா சாஸ் எதிரே ஷோதோ தீவில் காய்ச்சுகிறார்கள். உப்புக்கு சகாயிடே என்கிற ஊர். அப்பாவிடம் சொல், 1829-ல் கடலை அடைத்துப் பாத்தி கட்டிய உப்பளம் அங்கே இருந்தது. இப்போது இல்லை.

கடையில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அவனுக்கு முக்கியம். பெரும்பாலும் நாமே எடுத்துக்கொள்ளும் கடைகள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். 'ஷோ' என்றால் ஒரு உருண்டை உடோன், 'சூ' என்றால் இரண்டு, 'தாய்' என்றால் மூன்று. முதல் நாளே 'தாய்' கேட்க வேண்டாம் என்று சொல், அது இரண்டு பேர் சாப்பாடு. சில கடைகளில் வேகவைத்து அலசிய உடோனை ஆறிய நிலையில்தான் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்தில் வெந்நீர்த் தொட்டியும் நீளக் கைப்பிடி போட்ட ஆழமான வடிகட்டியும் இருக்கும். அதில் போட்டுப் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடுத்தால் போதும். கூடுதலாக விட்டால் குழைந்துவிடும். எடுத்ததும் மூன்று நான்கு தடவை நன்றாக உதற வேண்டும். உதறாமல் கொட்டினால் அந்தத் தண்ணீர் இறங்கி, பிறகு ஊற்றும் குழம்பு சப்பென்று ஆகிவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை இதுதான்.

அடுத்து தெம்புரா வரிசை, அதாவது மாவில் முக்கிப் பொரித்த காய், மீன் எல்லாம். வேண்டியதை இடுக்கியால் எடுத்துக்கொண்டு, காசு கொடுத்த பிறகு தொட்டிக் குழாயைத் திறந்து குழம்பு பிடித்துக்கொள்ளலாம். வெங்காயத்தாள், துருவிய இஞ்சி, தெம்புராப் பொரி எல்லாம் அநேகமாகச் சும்மாவே கிடைக்கும். சின்னக் கிண்ணம் கடைக்குக் கடை 300, 400 யென் ஆகும். சின்னக் கடைகளில் கார்டு செல்லாது, சில்லறை வைத்திருக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கே பல கடைகளைச் சாத்திவிடுவார்கள். மாவு தீர்ந்தால் அதற்கும் முன்னாடியே. சாப்பிட்ட கிண்ணத்தை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மாவில் உப்பையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. கோடையில் ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், குளிரில் ஆறு பங்கு, நடுவில் ஐந்து என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. வெயிலில் மாவு தளர்ந்துபோகும், உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். வேகும்போது பெரும்பகுதி உப்பு தண்ணீரில் இறங்கிவிடுமாம். மாவைக் கனமான பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துக் காலால் மிதிக்கிறார்கள். மிதித்து, மடித்து, ஊறவிட்டு, மறுபடி மிதிப்பார்கள். கடித்தால் பல்லுக்கு எதிர்த்து நிற்கும் அந்தப் பதத்தைக் 'கொஷி' என்கிறார்கள். வெந்ததும் பச்சைத் தண்ணீரில் தேய்த்து அலசுவதும் அதற்காகத்தான்.

குழம்புக்கு நெத்திலி அக்கா! இரிகோ என்று பெயர். இபுகி தீவில் ஆனி முதல் புரட்டாசி வரை பிடிக்கிறார்கள். நம்மவர்கள் மணலில் பச்சையாகவே காயப்போடுவார்கள் இல்லையா, இவர்கள் உப்புத் தண்ணீரில் அவித்துவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். அதனால் கவிச்சி குறைவு. அறையில் செய்வதானால் தலையையும் வயிற்றில் இருக்கும் கறுப்பையும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் இரிகோ, உள்ளங்கை அளவு 'கொம்பு' என்கிற கடல்பாசி. ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் கொதி வருவதற்கு முன் பாசியை எடுத்துவிட்டு, நுரையை நீக்கிக்கொண்டே பத்து நிமிடம் சின்னத் தீயில் வைத்து வடிகட்டினால் ஆயிற்று. வெளிர் நிற சோயா சாஸ் இரண்டு கரண்டி போதும். நிறம் வெளுப்பாக இருந்தாலும் கறுப்பைவிட அதில்தான் உப்பு அதிகம், ஏமாந்துவிடக் கூடாது.

கார்த்திகையில் மாலை போடுகிறவன் அவன். விரத நாளில் எந்தக் குழம்பும் ஆகாது, எல்லாவற்றிலும் மீன் இருக்கும். வெறும் சோயா சாஸ் ஊற்றிய 'கிஜோயு உடோன்' கேட்கலாம். ஆனால் மேசைப் புட்டியில் 'தாஷி' என்று போட்டிருந்தால் அதிலும் மீன்தான். அந்த இரண்டு எழுத்தை மட்டும் முதலில் படித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பேசவே மாட்டார், வாசலில் முள்ளங்கியை வைத்துவிட்டுப் போய்விடுவார். புத்தாண்டன்று ஒரு கிண்ணம் கொடுத்தார். வெள்ளை மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூப்புக்குள் இனிப்புப் பயறு வைத்த அரிசிக் கொழுக்கட்டை மிதந்தது. இந்தப் பக்கத்து வழக்கமாம். கொழுக்கட்டையைச் சாம்பாரில் போட்டதுபோல இருக்குமோ என்று நினைத்தேன், நன்றாகவே இருந்தது.

அதே பாட்டி விடியற்காலையில் இரிகோ கொதிக்கவிடுவார். சுவர் மெல்லிசு, வாசம் இந்தப் பக்கம் வந்துவிடும். அம்மா நெத்திலியை வெறும் சட்டியில் போட்டு வறுக்கிற வாசம். அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், பிறகு தூக்கம் வருவதில்லை.

மாசியில் அம்மா தெவசத்துக்கு என்னால் வர முடியாது அக்கா. லீவு கிடைக்கவில்லை. டிக்கெட்டும் இப்போது ரொம்ப விலை. படையலில் கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் குழம்பு இருக்கட்டும், வீட்டில் அவளுக்கு அதுதான் பிடிக்கும். ஐயருக்கு என் பங்கையும் நீயே கொடுத்துவிடு, கணக்கில் எழுதிக்கொள்.

சீட்டுப் பணம் இந்த ஒரு மாதம் மட்டும் அத்தானிடம் சொல்லிக் கட்டச் சொல். ஷிஃப்ட் மாற்றியதில் சம்பளம் பிந்துகிறது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. பங்குனி வெயிலுக்கு முன் முடித்தால் அவருக்குச் சௌகரியம். பட்டாவில் பெயர் மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்றாயே, எந்தத் தாளில் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுது. பாப்பா காதுகுத்துக்கு மாமன் சீரை விட்டுவிட மாட்டேன் என்று அவளிடம் சொல்.

அண்ணாச்சி மகனிடம் பெட்டி நிறையச் சாமான் கொடுத்தனுப்பாதே. அரை கிலோ இட்லிப் பொடி, ஒரு புட்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான். சூடான உடோனை வடித்து அந்தப் பொடியையும் எண்ணெயையும் போட்டுப் பிசைந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும்.

அன்புடன்,
தம்பி