“மாலை ரெடி” என்றால் கல்யாணமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஓசூர் வாசகர் ஒருவர், “கண்ணால் பார்க்கக் கூடாத வீடியோக்களை எல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து நீக்கிவிடுகிறது என்கிறார்கள். பிறகு எப்படி என் பேரன் போனில் இவ்வளவு வருகிறது?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தக் கம்ப்யூட்டராக நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2019 முதல் 2023 வரை பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் எனக்கு வேலை. சம்பளம் கொடுத்தது ஓர் ஒப்பந்த நிறுவனம். யாருக்காக அந்த வேலையைச் செய்தோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இப்போதும் சொல்லப்போவதில்லை. ஆஃபர் லெட்டரில் ‘பிராசஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று போட்டிருந்தது. அம்மா அதை உறவினர்களிடம் ‘ஆபீசர் மாதிரி’ என்று மொழிபெயர்த்துச் சொன்னார்.

ராத்திரி பத்து மணிக்கு டின் பேக்டரி பக்கம் கேப் வந்து நிற்கும். ஆபீசுக்குள் போகுமுன் போன், பேனா, துண்டுப் பேப்பர் எல்லாம் லாக்கரில் போய்விடும். உட்கார்ந்ததும் திரையில் ஒன்று வரும். படமாக இருக்கலாம், வீடியோவாக இருக்கலாம், யாரோ யாரையோ திட்டிய நாலு வரியாக இருக்கலாம். விட்டுவிடலாமா, நீக்குவதா, மேலே அனுப்புவதா என்று முடிவு செய்து பட்டனை அழுத்தினால் அடுத்தது வரும். ஒன்றுக்குச் சராசரி 40 விநாடி. ஒரு ஷிப்டில் ஐந்நூறுக்குக் குறையாது. நாம் செய்ததில் சிலவற்றை எடுத்து இன்னொருவர் திருத்துவார், அதில் நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் 95 வாங்கியதே கிடையாது.

இந்த வேலைக்கு என்னை எடுத்தது தமிழுக்காக. எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல் குடும்பம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது எனக்கு எட்டு வயது. அப்பா மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் எங்களையும் இங்கே கூட்டிவந்துவிட்டார். படித்தது ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. லீவுக்குப் போனால் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து இதே நாளிதழை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால் தொடையில் ஒரு கிள்ளு. இன்டர்வியூவில் பத்து தமிழ்ப் பின்னூட்டங்களைக் கொடுத்து, இதில் எது மிரட்டல், எது கிண்டல் என்று கேட்டார்கள். பத்தும் சரி. தாத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், எதைப் படிப்பதற்கு என்பது தெரியாத வரைக்கும்.

சரி, ஓசூர் வாசகரின் கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை நீக்கிய படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளும். அதே படம் மறுபடி வந்தால் மனிதர் கண்ணில் படாமலே தூக்கிவிடும். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பிடிப்பதற்காக 2009-ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த போட்டோடிஎன்ஏ இந்த வழியில் வேலை செய்வதுதான். ஆனால் நம் ஆட்கள் ஒரு வீடியோவை வந்தபடியே விடுவதில்லையே. சுற்றிலும் சிவப்புக் கட்டம், மேலே ‘இவனை விடாதீங்க, அனைவருக்கும் பகிருங்கள்’ என்று மஞ்சள் எழுத்து, ஓரத்தில் அழுகிற பொம்மை, பின்னால் சோகப் பாட்டு. கொஞ்சம் மாற்றினால் மெஷின் கண்டுபிடித்துவிடும். ரொம்ப மாற்றினால் புது வீடியோ என்று நினைத்து எங்கள் வரிசையில் தள்ளிவிடும். ஒரே வீடியோவை ஓர் இரவில் பதினொரு தடவை பார்த்திருக்கிறேன். பகிர்ந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோரும் கண்டித்துத்தான் பகிர்ந்திருந்தார்கள்.

மொழி என்று வந்தால் இன்னும் கஷ்டம். படம் வெளியான அன்று ‘தலைவன் கொன்னுட்டான்’, ‘அடிச்சுத் தூக்கிட்டான்’ என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். மெஷின் அதைக் கொலை என்று கொண்டுவந்து கொட்டும். அதே சமயம் ஒரு பெண்ணின் போட்டோவுக்குக் கீழே ‘மாலை ரெடி’ என்று இரண்டே வார்த்தை. மெஷினுக்கு அது கல்யாண வாழ்த்து. வேறு சாதிப் பையனோடு எடுத்த போட்டோ அது என்பதும், எழுதியவன் எந்த மாலையைச் சொல்கிறான் என்பதும் நம் ஊர்க்காரனுக்குத்தான் புரியும். அதையும் தமிழ் எழுத்தில் எழுத மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, நடுவில் ஒரு எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம் போடுவார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருவரின் போட்டோவைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘தோற்றம்’ என்று பிறந்த தேதி, ‘மறைவு’ என்ற இடத்தில் வரப்போகிற ஒரு தேதி. நான் நீக்கிவிட்டேன். திருத்தியவர் வேறு ஏதோ நாட்டில் இருந்தார். இரங்கல் அறிவிப்பை ஏன் நீக்கினாய் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். கூட்டு அழைப்பில் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: எங்கள் ஊரில் இப்படித்தான் போஸ்டர் அடிப்பார்கள், செத்தவருக்குப் போட்டால் மரியாதை, இருப்பவருக்குப் போட்டால் மிரட்டல். அவர் ரொம்ப நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “அந்தத் தேதி தட்டச்சுப் பிழையாக இருக்காதா?” என்று கேட்டார். மூன்று நாள் கழித்து அந்த மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. படத்தில் இருந்தவருக்கு அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது.

2021-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தன. தன் அந்தரங்கப் படம் வெளியானதாகப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று அதில் இருந்தது. நல்ல விதி, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்த 24 மணி நேரம் யார் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே ஓடியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ரத்தம் பழகிவிடும். இதைச் சொன்னால் மனிதனா என்பார்கள், ஆனால் பழகிவிடும். எங்கள் டி.எல். (டீம் லீடர்) சொல்லிக்கொடுத்தபடி சத்தத்தை அணைத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சின்னதாக்கிப் பார்ப்போம். பாதித் தாக்கம் குறையும். எனக்குள் தங்கிப்போனது வேறு. ஒரு வீட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளையை யாரோ அடிக்கிற வீடியோ. அடியை விவரிக்கப் போவதில்லை. அது எந்த மொழி என்று குறிக்க வேண்டியிருந்ததால் சத்தத்தைத் திறந்தேன். பின்னால் டிவியில் தமிழ் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா தினமும் பார்க்கும் அதே சீரியல், அதே டைட்டில் பாட்டு. 40 விநாடிக்குள் அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் கிடையாது. அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஆரம்பித்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். மாடியில் எவளோடோ போன் பேசுகிறான் என்று அம்மா சித்தியிடம் சொல்லியிருக்கிறார்.

2020 ஊரடங்கில் லேப்டாப்பை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். ரொம்ப மோசமானவை வீட்டுக்கு வராது என்றார்கள், பெரும்பாலும் வரவில்லை. எங்களுடையது ஒரே படுக்கையறை வீடு. சாமி படங்களும் ஹாலில்தான். திரை சாமியைப் பார்த்தபடி இருக்கக் கூடாது என்று மேஜையைத் திருப்பிப் போட்டேன். அம்மா, “வாஸ்துவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

2022 கடைசியில் தூக்கம் சுத்தமாகப் போனது. வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டபோது, கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்து, “கம்ப்யூட்டர் வேலை” என்றேன். கண்ணைச் சோதித்து, சொட்டு மருந்து எழுதி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூரத்தில் பச்சையாக ஏதாவது பாருங்கள் என்றார்கள். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிவது ஒரு தண்ணீர் டேங்க் மட்டும்தான். அதையும் பார்த்தேன். ஆபீசில் ஒரு கவுன்சலர் இருந்தார். ஆனால் அவரிடம் போய் உட்காரும் நேரத்துக்கு டி.எல். அனுமதி தர வேண்டும், யார் போகிறார்கள் என்று மொத்த வரிசைக்கும் தெரியும்.

கடைசியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல ஆலோசனைச் சேவை, தமிழிலும் பேசுகிறார்கள். அதற்கப்புறம் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு. காலை ஆறு மணிக்கே வரிசை. அங்கே இருந்த டாக்டரிடமும் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்றுதான் ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “என்ன பார்க்கிறீங்க அந்தக் கம்ப்யூட்டர்ல?” என்றார். டாக்டரிடம் சொன்னால் அந்தத் தாள் ஒன்றும் செய்யாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது பரவாயில்லை, தூங்குகிறேன்.

இவ்வளவு கதையும் சொல்வது ஒரு விஷயத்துக்காக. என் தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 28 வருடம் வேலை பார்த்தவர். நெஞ்சில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் வந்தது. அவருடைய டிரங்குப் பெட்டியில் நெஞ்சு எக்ஸ்ரேயும் மெடிக்கல் போர்டு பேப்பரும் பத்திரமாக இருந்தன. (ஒரு கிரகணத்தன்று அந்த எக்ஸ்ரேயை வைத்துத்தான் நாங்கள் சூரியனைப் பார்த்தோம். பார்க்கக் கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது.) கிடைத்த பணம் சொற்பம், அது வேறு விஷயம். ஆனால் அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. எந்த வேலையால் வந்தது என்று எழுதப்பட்ட தாள் இருந்தது. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசி, கல்தூசி என்று தொழில்நோய்கள் வரிசையாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படி ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டிலும் தேடினேன், வேலையால் மனசுக்கு வருவது ஒன்றுகூட இல்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அது சிகிச்சைச் செலவுக்கு. இது எந்த வேலையால் வந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் இதே வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில், 2020-ல் பேஸ்புக் நிறுவனம் 5.2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. 11,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதில் பங்கு. எனக்குக் கோடியெல்லாம் வேண்டாம். வேலையை விட்டபோது கொடுத்த அனுபவச் சான்றிதழில் ‘தரவு சார்ந்த பணிகள்’ என்று இருக்கிறது. நான் என்ன பார்த்தேன், எத்தனை வருடம் பார்த்தேன் என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். நாளைக்கு மறுபடி தூக்கம் போனால் டாக்டர் முன்னால் வைக்க ஒரு தாள். தொழில்நோய் அட்டவணையில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் போதும் என்று 1923-ன் சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். நம் எம்.பி.க்களில் யாராவது ஒருவர் அவையில் இதை ஒரு கேள்வியாகக் கேட்கலாம்.

ஓசூர் வாசகருக்கு: பேரன் போனில் அப்படி ஏதாவது வந்தால் புகார் பட்டனை அழுத்துங்கள். அதில் ‘பிற’ என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். என் அனுபவத்தில் அதுதான் கடைசியாகத் திறக்கப்படும் வரிசை. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் அதற்கென்று இருப்பதையே அழுத்துங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். கண்டித்துக்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம். அம்மா இந்தப் பேப்பரில் முதலில் ராசிபலனும் அடுத்து வாசகர் கடிதங்களும் படிப்பார். வாஸ்து விஷயத்தை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள்.

— ஒரு வாசகர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு