பாட்டில்லாத படத்தில் எழுந்து போனவர்கள்

மதுரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகன் குமாரவேலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். புனேயில் மழை விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை போனில் நீ சொன்னதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். 'சாப்பிட்டாயா' என்பதைத் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எடிட்டிங் வகுப்பில் 'ஆரண்ய காண்டம்' படத்தைப் போட்டுக் காட்டினார்கள், ஆசிரியர் ஒவ்வொரு வெட்டாக நிறுத்தி நிறுத்தி விளக்கினார், தமிழ் தெரியாத பையன்கள்கூட வாயைப் பிளந்தார்கள் என்றாய். அதுவரை எனக்குச் சந்தோஷம். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாய் பார், "அன்றைக்கு இந்தப் படத்தை ஓடவிடாமல் செய்தவர்கள் ரசனை கெட்ட ஜனங்கள்" என்று. அந்த ஜனங்களில் உன் அப்பாவும் ஒருவன், தம்பி. இடைவேளையோடு எழுந்து வந்தவன்.

இத்தனை வருடமாக அதற்கு நான் சொல்லிவந்த காரணம் நீதான். "பையன் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தான், அதனால் பாதியில் வந்துவிட்டேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். பொய். நீ கேன்டீனில் இருந்தது உண்மை. நான் எழுந்து வந்தது அதற்காக இல்லை.

2011 ஜூன் 10, வெள்ளிக்கிழமை. உனக்கு எட்டு வயது. நான் தியேட்டர் வேலையை விட்டு, எலெக்ட்ரிக் கடையில் உட்கார்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. க்யூப் என்கிற டிஜிட்டல் முறை வந்து ரீல் பெட்டியைத் துரத்திய பிறகு, படம் ஓட்டும் ஆபரேட்டருக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் கால் தானாகத் தியேட்டர் பக்கம் போகும். அன்று உன்னையும் அழைத்துக்கொண்டு மேட்னிக்குப் போய்விட்டேன். 'ஏ' சான்றிதழ் என்பதைச் சுவரொட்டியில் கவனிக்கவில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேன்டீன் பாண்டி மாமா, "பிள்ளை என்னோடு இருக்கட்டும், நீங்கள் மேலே போங்கள்" என்று உன் கையில் ஒரு சமோசாவைக் கொடுத்தார். நான் பழைய பழக்கத்தில் கேபினுக்குள் போய், புரொஜெக்டருக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த ஜன்னலிலிருந்து பார்க்கும்போது திரை மட்டும் தெரியாது, தலைகளும் தெரியும். இருபத்தைந்து வருடம் நான் தலைகளைத்தான் பார்த்தேன். தலை அசையாமல் இருந்தால் படம் ஓடும். தலைகள் பக்கவாட்டில் சாய்ந்து பேச ஆரம்பித்தால் செவ்வாய்க்கிழமை வேறு படம் தேட வேண்டும். முதலாளி வசூலைக் கூட்டிப் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அன்று ஜாக்கி ஷெராஃப் திரையில் வந்தபோது முன்வரிசையில் விசில் பறந்தது. இந்தி நடிகர், முதல் தமிழ்ப் படம், தாதா வேடம். ஆனால் அந்தத் தாதா சிங்கபெருமாள் முதல் காட்சியிலேயே படுக்கையில் தோற்றுப்போன கிழவனாக, கோபத்தைச் சுப்பு என்ற பெண்ணின்மேல் காட்டுகிறவனாக இருக்கிறான். விசில் பாதியில் நின்றது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் யாரோ இருமினார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒரு குடும்பம் குனிந்துகொண்டே வெளியே போனது.

அடுத்து ரவி கிருஷ்ணா வந்தார். அவர் கதாநாயகனாக நடித்த '7ஜி ரெயின்போ காலனி' பார்த்த கூட்டம் அது. "இதோ வந்துவிட்டான் கதாநாயகன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் பெயரோ சப்பை. ஆளாளுக்கு அவனை அறைகிறார்கள். சரி, இன்று அறை வாங்குகிறான், நாளை திருப்பிக் கொடுப்பான் என்று காத்திருந்தார்கள். கதை முழுக்க ஒரே நாளில் நடக்கிறது, அதில் நாளை என்பதே கிடையாது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இப்போது நான் சொல்லப்போவதை உன் ஆசிரியர் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் படத்தில் பாட்டு கிடையாது. யுவன் சங்கர் ராஜா பெயரைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். கேட்பதற்காக மட்டும் என்று நினைக்காதே. நம் ஜனங்களுக்குப் பாட்டு என்பது பீடி பிடிக்கும் நேரம், ஒன்றுக்குப் போகும் நேரம், பிள்ளைக்கு முறுக்கு வாங்கும் நேரம். நான்கு நிமிடம் வெளியே போய் வந்தால் கதை இருந்த இடத்திலேயே இருக்கும். ஐம்பது அறுபது வருடமாக அப்படித்தான் படம் பார்த்திருக்கிறோம். இந்தப் படத்திலோ கதைக்குள் இருக்கும் ரேடியோவில் பழைய பாட்டு கேட்கும். அன்று அப்படி ஒன்று கேட்டதும் பெஞ்சு வரிசையில் நான்கு பேர் பழக்கத்தில் எழுந்து வெளியே போனதை என் கண்ணால் பார்த்தேன். திரையில் கதை ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது காரில் போய்க்கொண்டிருந்த, தாதாவின் தளபதி பசுபதி (சம்பத் நடித்த வேடம்) உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். ஏன் ஓடுகிறான், யார் துரத்துகிறார்கள்? பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார்கள். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவனும் அடுத்த காட்சியைத் தவறவிட்டான். இப்படி ஒரு வரிசை முழுக்கக் குழம்பியது.

பேச்சு வேறு. வட சென்னைத் தமிழை அவர்கள் வேகமாக, வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். மதுரைக்காரனுக்கு அதில் பாதி எட்டாது. அந்தத் தியேட்டரில் இடதுபக்க ஸ்பீக்கர் ஒன்று எப்போதும் கரகரக்கும். மின்விசிறிச் சத்தம் தனி. நீங்கள் குளிரூட்டிய அறையில், கீழே எழுத்து ஓட, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்த்த படமும் இவர்கள் வெக்கையில் பார்த்த படமும் ஒன்றா என்பதை நீயே யோசி.

இடைவேளையில் மாடிப்படியில் ஒரு சண்டை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேனேஜரை மறித்துக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "இந்தப் படத்தில் கதாநாயகன் யார் என்று மட்டும் சொல்லுங்கள், நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். மேனேஜர் பாவம், தலையைச் சொறிந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "பசுபதியாக இருக்கும்" என்றேன். "இருக்கும் என்றால்?" என்று கேட்டார் அந்த மனிதர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை இன்றுவரை நான் மறக்கவில்லை. கதை புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. கதை ஒரு கையளவுதான்: தலைவன் தளபதியைச் சந்தேகப்படுகிறான். தளபதி தப்பி ஓடுகிறான். அவன் மனைவி தலைவன் கையில் மாட்டிக்கொள்கிறாள். அவளை மீட்கவும் பழிதீர்க்கவும் அவன் இரண்டு கும்பல்களை மோதவிடுகிறான். நடுவில் யாருடையதோ ஒரு போதைப்பொருள் பை. இதைவிடச் சிக்கலான குடும்பப் படத்தையெல்லாம் நம் ஆச்சிகள் கண்ணீரோடு பார்த்துப் புரிந்துகொண்டவர்கள். அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தெரியாமல் போனது, யார் பக்கம் நிற்பது என்பது. பழிவாங்கும் படம் என்றால் நமக்கு ஓர் ஏற்பாடு உண்டு. முதல் ரீலில் அநியாயம் நடக்கும், அடிபட்டவன் நம் ஆள், கடைசி ரீலில் அவன் திருப்பி அடிக்கும்போது நாம் கை தட்டுவோம். இந்தப் படமோ தொடங்கும்போதே, தேவை எதுவோ அதுவே தர்மம் என்கிற மாதிரி எழுதிப் போட்டுவிடுகிறது. அப்புறம் கை தட்டுவதற்கு எங்கே இடம்?

மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, ஏதாவது குறைக்க முடியுமா?" என்றார். பழைய காலத்துப் புத்தி. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எடிட்டிங் படிக்கிறவனிடம் சொல்ல வெட்கம். நாங்கள் ஆபரேட்டர்கள் நிறைய வெட்டியிருக்கிறோம். 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். கடைசி பஸ் போய்விடும் என்று செகண்ட் ஷோவில் கூட்டம் முணுமுணுத்தால் முதலாளி ஆளை மேலே அனுப்புவார், நான் ஒரு பாட்டை எடுத்துவிடுவேன். ஒருமுறை மொழிமாற்றுப் படம் ஒன்றில் முழு ரீலையே விட்டுவிட்டேன். செத்தவன் யார், கொன்றவன் யார் என்பது அந்த ரீலில்தான் இருந்தது. படம் முடிந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்டைலான படம், நமக்குத்தான் புரியவில்லை" என்று பேசிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அதனால் ஒரு படம் குழப்புகிறது என்று யாராவது சொன்னால், குழப்பியவர் இயக்குநரா, தணிக்கைக்காரரா, ஆபரேட்டரா என்பதைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. இந்தப் படத்தையே தணிக்கையில் 52 இடங்களில் வெட்டச் சொன்னார்கள் என்றும், தயாரிப்பாளர் எஸ்.பி.பி. சரண் டெல்லியில் மேல்முறையீட்டுக்குப் போய்த்தான் மீட்டுவந்தார் என்றும் பின்னால் படித்தேன். மேனேஜரிடம், "க்யூபில் நான் எதை வெட்ட? அதோடு, வெட்டுவதற்குப் பாட்டே இல்லையே" என்றேன். அவர் தலையில் கை வைத்தார்.

பிறகு நான் கீழே இறங்கி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். புரியாமல் இல்லை. எனக்குக் கோபம். இருபத்தைந்து வருடம் தலைகளைப் படித்தவனுக்கு அன்று ஒரு தலையையும் படிக்க முடியவில்லை, அந்தக் கோபம்.

கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள் என்று பாண்டி மாமா மறுநாள் சொன்னார். ஒருவரும் பேசாமல் வெளியே வந்தார்களாம். அதில் ஒரு மூட்டை தூக்கும் பெரியவர் நேராகக் கவுண்டருக்குப் போய் மாலைக் காட்சிக்கும் டிக்கெட் வாங்கினாராம். காளையன் சேவலை வைத்துப் பந்தயம் கட்டும் இடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காளையன், குரு சோமசுந்தரம், வாழ்ந்து கெட்ட மனிதனின் வீறாப்பை அப்படியே பிடித்திருப்பார். அதை ரசிக்க வட சென்னைத் தமிழ் வேண்டியதில்லை. அடுத்த வெள்ளி 'அவன் இவன்' வந்தது, எங்கள் தியேட்டரில் இந்தச் சுவரொட்டியின் மேலேயே அதை ஒட்டினார்கள்.

மறு வருடம் படத்தொகுப்புக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருது என்று செய்தி வந்தபோது ஊரில் பாதிப்பேர், "நான் முதல் நாளே சொன்னேன்" என்றார்கள். அத்தனை பேரும் முதல் நாள் டிக்கெட் வாங்கியிருந்தால் இரண்டாவது வாரமும் ஓடியிருக்கும். இவர்களைவிட எழுந்து போனவர்கள் எவ்வளவோ மேல்.

நான் முழுப் படத்தையும் பார்த்தது நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, உன் மாமா மகன் கொண்டுவந்த டிஸ்க்கில், இரவு பத்து மணிக்கு மேல். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பழையபடி பசுபதியையும் சிங்கபெருமாளையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சிங்கம், பசு, கஜம், காளை, பெயரிலேயே காடு இருக்கிறதே என்று அப்போதுதான் பிடிபட்டது, அதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்த சுப்புவைப் பாருங்கள். இத்தனை பேரில் யோசிக்கிறவள் அவள் ஒருத்திதான்" என்றாள். படம் பாதிகூட ஆகவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் கதாநாயகனுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருக்க, தன் வழியில் நடந்து போகிறவள் அவள்தான் என்று கடைசியில் பார்த்தபோது, நான் பக்கத்தில் இருந்தவளைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொன்று. அந்தக் காளையனின் மகன், கொடுக்காப்புளி என்ற பையன். குடிகார அப்பாவுக்காக அவன் அவ்வளவு பாடுபடுவதைப் பார்த்து, அப்பாவை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்பார்கள். அவன் சொல்லும் பதிலை நீ வகுப்பில் கேட்டிருப்பாய், நான் எழுதவில்லை. அந்த இடத்தில் டிஸ்க்கை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். நீ உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாய். அன்று இடைவேளைக்கு மேலும் உட்கார்ந்திருந்தால் அதைத் தியேட்டரிலேயே பார்த்திருப்பேன்.

அன்று சைக்கிளில் வரும்போது முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு நீ விடாமல் கேட்டாய்: "சுடுகிற சத்தமெல்லாம் கேட்டதே, யாரப்பா ஜெயித்தது?" "படமா அது, ஒன்றும் விளங்கவில்லை" என்று சிம்மக்கல் வருவதற்குள் உன் வாயை அடக்கிவிட்டேன். சுப்பு ஜெயித்தாள், தம்பி. உனக்கு இப்போது தெரியும், இருந்தாலும் நான் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அம்மா தனித்தனி டப்பாவில் போட்டுப் பார்சல் கட்டிவிட்டாள். திங்களன்று அனுப்புகிறேன். வந்ததும் போன் செய்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.