‘மீண்டும் அழுத்தாதீர்கள்’ என்ற எச்சரிக்கை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பணம் செலுத்தும்போது ‘ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பொத்தானை மீண்டும் அழுத்தாதீர்கள்’ என்று திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் பற்றி, சர்வர் பக்க நிரல்களைப் பல ஆண்டுகளாக எழுதி வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரே தொகை இருமுறை பதிவாவதற்குப் பயனரின் அவசரமே காரணம் என்பதுபோல் அது பேசுகிறது. தவறு பெரும்பாலும் எங்களுடையது.

சர்வர் வேலையை முடித்துவிட்டு அனுப்பும் பதில் வழியிலேயே தொலைந்துவிட்டால், கோரிக்கை போய்ச் சேரவில்லையா, பதில்தான் திரும்பி வரவில்லையா என்பதைக் கைபேசியால் பிரித்தறிய முடியாது. எனவே சில செயலிகள் பயனரைக் கேட்காமல் தாமே மறுபடி அனுப்பிவிடும். பொத்தானை முடக்கி வைப்பதால் இது தீராது. செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபிக்கு 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற வரையறையின்படி, தகவலைக் கேட்கும் கெட், குறிப்பிட்ட முகவரியில் தரவை வைக்கும் புட், அதை நீக்கும் டெலீட் ஆகிய கோரிக்கைகள் எத்தனை முறை வந்தாலும் ஒருமுறை வந்ததற்குரிய விளைவே இருக்க வேண்டும். தரவைச் செயலாக்கத்துக்கு அனுப்பும் போஸ்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. பணம் செலுத்தும் கோரிக்கைகளோ பெரும்பாலும் போஸ்ட்டாகவே வருகின்றன.

நானும் இதில் சறுக்கியவன்தான். ஆர்டருக்கு ஏற்கெனவே பதிவு உள்ளதா என்று டேட்டாபேஸில் செலக்ட் செய்து (தேடி) பார்த்து, இல்லையென்றால் இன்சர்ட் செய்யும்படி (புதிதாக எழுதும்படி) ஒரு நிரல் எழுதியிருந்தேன். சோதனையில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. சோதித்தவன் நான் ஒருவன்தானே! பயன்பாட்டுக்கு வந்தபின், சில மில்லிவினாடி இடைவெளியில் வந்த இரண்டு கோரிக்கைகளும் ‘பதிவு இல்லை’ என்றே விடை பெற்று, இரண்டுமே எழுதிவிட்டன. நடந்தவை வரிவரியாகப் பதிவாகும் லாக் கோப்பில் ஒரே ஆர்டர் எண்ணும் ஒரே தொகையும் அடுத்தடுத்த வரிகளில் நின்றன.

இந்தக் காவலை நிரலிடம் விடாமல் டேட்டாபேஸிடம் ஒப்படைக்க வேண்டும். செயலி ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்ப, அந்த எண் பதிவாகும் அட்டவணைப் பத்திக்கு, ஒரே எண் இருமுறை பதிவாவதைத் தடுக்கும் ‘யூனிக்’ கட்டுப்பாடு விதித்து, கட்டண விவரத்தையும், எல்லாம் சேர்ந்தே நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத அதே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதினால் போதும். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் இரண்டாவது இன்சர்ட், முதலாவது முடியும்வரை காத்திருந்து, அது வெற்றிகரமாக முடிந்திருந்தால் 23505 (இதே மதிப்பு ஏற்கெனவே உள்ளது) என்ற பிழையைப் பெறும். புதியவர்கள் பலர் அதைக் கண்டு பதறி, பயனருக்கு 500 (சர்வரில் பிழை) என்று பதில் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே செய்ய வேண்டியது, அந்த டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்துவிட்டு (அதில் எழுதியதை ரத்து செய்துவிட்டு), முதல் கோரிக்கைக்குச் சேமித்து வைத்த பதிலையே எடுத்து அனுப்புவதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைப் பதிவு விழுந்தால், அடையாள எண் எந்த இடத்தில் உருவாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பக்கம் திறக்கும்போதே உருவாக வேண்டிய எண், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவானால், டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கட்டணங்களே.

இப்படிக்கு,
சர்வர் பக்க நிரலாளர் ஒருவர்