3 நானோமீட்டர் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டர் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறிப்பிட்ட அளவில் இல்லாத ஃபில்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா / அம்மையீர்,

கடந்த ஆகஸ்ட்டில் உங்கள் இணையக் கடையில் 26,800 ரூபாய்க்கு ஒன்றேகால் இன்ச், 3 நானோமீட்டர் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டர் ஒன்று வாங்கினேன். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் அதை ஒட்டிய சிறு பட்டையையும் மட்டும் உள்ளே விடும் கண்ணாடி அது; 3 என்பது அந்தப் பட்டையின் அகலம். என்னிடம் ஏற்கெனவே 7 நானோமீட்டர் ஃபில்டர் இருக்கிறது. வேலூரில் எங்கள் மொட்டைமாடிக்கு நேர் எதிரே எல்இடி தெருவிளக்கு வந்துவிட்டது. இன்னும் குறுகலாகப் போட்டால் வானம் கொஞ்சம் கறுக்கும் என்றுதான் இவ்வளவு செலவழித்தேன்.

வாங்கியது முக்கியமாக ஒரே ஒரு படத்துக்காக: எம்33 கேலக்ஸியில் இருக்கும் என்ஜிசி 604 நெபுலா, அதாவது ஒளிரும் வாயு மேகம். 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தும், 1,500 ஒளியாண்டு அகலம் என்பதால் என் 80 மி.மீ. டெலஸ்கோப்பிலேயே ஏறக்குறைய எழுபது பிக்சலுக்கு விரிந்து விழும். நாம் எல்லோரும் படம் எடுக்கும் ஓரியன் நெபுலாவைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் ஒரு பிக்சல் தேறும், அவ்வளவுதான்.

எம்33 நமக்குத் தலைக்கு மேல் வசதியாக நிற்கும் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. மார்கழி அமாவாசையை ஒட்டி இரண்டே இரவுகள் கிடைத்தன. ஐந்து நிமிட எக்ஸ்போஷரில் 48 படங்கள், மொத்தம் நான்கு மணி நேரம். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால், என்ஜிசி 604 இருக்க வேண்டிய இடத்தில் கரும்பலகையில் சரியாக அழிக்காத சாக்பீஸ் தடம் மாதிரி ஒரு மங்கல். போன வருடம் பழைய ஃபில்டரில் இரண்டு மணி நேரம் எடுத்த படமே இதைவிட எவ்வளவோ மேல். அதே இரவில் ஓரியன் பக்கம் திருப்பினேன். அது பரவாயில்லாமல் வந்தது. பனியோ ஃபோகஸோ காரணம் என்றால் ஓரியனும் கெட்டிருக்க வேண்டாமா?

இதை எழுதியதற்கு உங்கள் ஆட்கள் அனுப்பிய பதில்: "உங்கள் டெலஸ்கோப் எஃப்/6. வேகமான டெலஸ்கோப்பில் ஃபில்டரின் அலைவரிசை நகரும்." நகரும், சரி. எந்தப் பக்கம் நகரும்? வேகமான டெலஸ்கோப், அதாவது அகலத்தோடு ஒப்பிட்டால் குவியத்தூரம் குறைந்தது, ஒளியைச் சாய்வாக ஃபில்டரில் விழ வைக்கும். ஒளி சாய்ந்து விழுந்தால் அலைவரிசை நீலப் பக்கம்தான் போகும். எம்33 நம்மை நோக்கி விநாடிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், அதன் ஹைட்ரஜன் ஒளியும் 656.3-லிருந்து 655.9 நானோமீட்டருக்கு, அதே நீலப் பக்கம் நகர்ந்துதான் வருகிறது. அதாவது, நீங்கள் சொல்லும் காரணம் எனக்குச் சாதகமாக வேலை செய்திருக்க வேண்டும்!

அப்புறம், கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் நண்பர் ஒருவர் தன் ஆய்வகத்தில் ஃபில்டரை வைத்து அளந்து கொடுத்தார். அதன் மையம் 656.3 இல்லை, 658-ஐ ஒட்டி. அந்த இடம் நைட்ரஜனின் 658.4 கோட்டுக்குப் பக்கத்து வீடு. ஓரியனில் நைட்ரஜனும் இருப்பதால் அது தப்பித்தது. எம்33-இன் ஹைட்ரஜன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. 7 நானோமீட்டர் ஃபில்டரில் இந்தப் பிசகு தெரிந்தே இருக்காது. 3 நானோமீட்டரில் மையத்திலிருந்து ஒன்றரை தள்ளினாலே விளிம்பு. இந்தத் துல்லியத்துக்குத்தானே கூடுதல் விலை வாங்குகிறீர்கள்?

பெட்டியில் "தனித்தனியாகச் சோதிக்கப்பட்டது" என்று ஒரு அட்டை இருந்தது. அதிலுள்ள வரைபடத்தில் உச்சி அழகாக 656.3-இல் நிற்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: அட்டையில் வரிசை எண் 0174, ஃபில்டர் வளையத்தில் பொறித்திருப்பது 0147. வேறு யாருடைய ஃபில்டருக்கோ எடுத்த வரைபடத்தை எனக்கு வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். 0174-ஐ வாங்கியவர் கையில் என் அட்டை இருக்கிறதோ என்னவோ, அவரையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

"30 நாள் திருப்பும் காலம் முடிந்துவிட்டது" என்று இரண்டாவது பதிலில் சொன்னீர்கள். ஆகஸ்ட்டில் வாங்கிய ஃபில்டரை மழைக்காலத்தில் எந்த வானத்தில் வைத்துச் சோதிப்பது? தவிர, இது பிடிக்காமல் திருப்பும் பொருள் இல்லை, குறையுள்ள பொருள்.

எனவே, முழுத் தொகையையும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் 15 நாளுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். மாற்று ஃபில்டர் தருவதானால், வளையத்தில் உள்ள அதே எண்ணுக்கு எடுத்த வரைபடத்தை முதலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டும் இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது, ஆய்வக அளவீடு, இரண்டு எண்களும் தெரியும் புகைப்படம், இரண்டு வருடத்து எம்33 படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஃபில்டர் அதன் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேற்படி ஃபில்டரை வாங்கிய வாடிக்கையாளர்,
வேலூர்