அந்தப் படம் 1952-ல் எடுத்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கயஹோகா ஆற்றைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் வந்திருப்பதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் 1988-லிருந்து அந்த ஆறு ஓடும் கிளீவ்லண்ட் பக்கம்தான் குடியிருக்கிறேன். 26 வருடம் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கட்டுரைக்கு மேலே பெரிதாக ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். புகைக்குள் மூழ்கிய படகு, வானத்தையே மறைக்கும் கரும்புகை. கீழே ‘1969-ல் எரிந்த ஆறு’ என்று இருக்கிறது. அது 1969 படம் இல்லை, 1952 நவம்பரில் எடுத்தது. 1969 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை பற்றிய தீ அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. படம் எடுப்பவர்கள் வந்து சேர்வதற்குள் அணைத்துவிட்டார்கள். அதனால் அந்தத் தீ எரியும் படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஆகஸ்டில் டைம் பத்திரிகை செய்தி போட்டபோது, கைக்குக் கிடைத்த பழைய படத்தைச் சேர்த்துவிட்டது. அன்றிலிருந்து உலகமே அதை 1969 என்று நம்பிக்கொண்டிருக்கிறது. தங்கள் தவறு என்று சொல்லவில்லை. பாடப் புத்தகம் வரை போன பிழை அது.

படம்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தப் படத்தை வைத்துத்தான் கட்டுரை ஒரு முடிவுக்கு வருகிறது. ஒரு நாள் ஆறு எரிந்தது, நாடே திடுக்கிட்டது, மூன்று வருடத்தில் தூய நீர்ச் சட்டம் வந்துவிட்டது என்று. அப்படி நடக்கவில்லை.

மேலே மிதக்கும் எண்ணெயும் கழிவும் தீப்பற்றிக் கயஹோகா எரிந்தது அது முதல் முறை இல்லை. 1868-லிருந்து குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறை எரிந்திருக்கிறது. 1912-ல் ஐந்து பேர் செத்தார்கள். 1952-ல் பத்து லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டம். அப்போதெல்லாம் எந்தச் சட்டமும் வரவில்லை. இரும்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் இருக்கிற ஊரில் ஆறு அப்படித்தான் இருக்கும், அதுதான் சோறு போடுகிறது என்று ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. 1969-ல் யாருக்கும் காயம்கூட இல்லை. இரண்டு ரயில் பாலங்கள் சேதம், ஐம்பதாயிரம் டாலர் நஷ்டம், அவ்வளவுதான். ஆக, பெரிய தீயெல்லாம் வந்து போய், சின்னத் தீதான் பேர் வாங்கியது. ஏன் என்றுதான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்.

என் பதில் இது. அந்தத் தீக்கு ஏழு மாதம் முன்பே, 1968 நவம்பரில், கிளீவ்லண்ட் மக்கள் ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்துக் கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாம் என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். பணக்கார ஊர் இல்லை அது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். அப்போது மேயர் கார்ல் ஸ்டோக்ஸ், அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றுக்கு மேயரான முதல் கறுப்பினத்தவர். தீ அணைந்த மறுநாள் அவர் நிருபர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பங்குக்கு நாங்கள் பணம் போடுகிறோம், ஆனால் ஆலைகளுக்குக் கழிவைக் கொட்ட அனுமதி கொடுப்பது மாநில அரசு, அதைத் தடுக்க நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அவர் குறை. அவருடைய அண்ணன் லூயிஸ் ஸ்டோக்ஸ் அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினர். அந்தக் குறை வாஷிங்டனுக்குப் போக வழி இருந்தது. தீயைவிட அந்தக் குறைதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

சட்டமே இல்லாமலும் இல்லை. ஆற்றில் குப்பை கொட்டக் கூடாது என்று 1899-லேயே ஒரு சட்டம் உண்டு. கப்பல் போக இடைஞ்சல் கூடாது என்று போட்டது அது. 1948-ல் நீர் மாசுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆனால் மாநிலம் சம்மதிக்காமல் மத்திய அரசால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 1965-ல் அதைக் கொஞ்சம் இறுக்கினார்கள். 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கசிவு. 1970 புத்தாண்டு அன்று தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 22-ல் முதல் பூமி நாள், டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அந்த முகமை வேலையைத் தொடங்கின உடனேயே சாக்கடை விஷயத்தில் நோட்டீஸ் கொடுத்த மூன்று நகரங்களில் எங்கள் கிளீவ்லண்டும் ஒன்று!

1972-ன் தூய நீர்ச் சட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர் செனட்டர் எட்மண்ட் மஸ்கி. மெய்ன் மாநிலத்தில், ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றின் கரையில், காகித ஆலை ஊரில் பிறந்தவர். நாறுகிற ஆற்றின் பக்கத்தில் வளர்ந்தவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செலவு மிக அதிகம் என்று நிக்சன் அக்டோபர் 17-ல் வீட்டோ செய்தார். மறுநாளுக்குள் இரண்டு சபைகளும் அந்த வீட்டோவைத் தோற்கடித்துவிட்டன. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு. கட்டுரையில் ‘நிக்சன் கொண்டுவந்த சட்டம்’ என்று இருக்கிறது. தயவுசெய்து அதையும் திருத்துங்கள்.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் தெரியும்.

குழாய் வழியாக ஆற்றில் எதை விட்டாலும் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் எண்கள் இருக்கும்: அம்மோனியா இவ்வளவு, பி.ஓ.டி. (நீரில் உள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) இவ்வளவு, குளிர்காலத்துக்கு இவ்வளவு, கோடைக்கு இவ்வளவு. தண்ணீர் வெளியே போகும் இடத்தில் ஒரு எந்திரம் 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நீரை எடுத்துக் கேனில் சேர்த்து வைத்திருக்கும். காலையில் முதல் வேலை அதை எடுத்து வருவது. ஜனவரியில் அந்த எந்திரத்தின் மூடி மேல் பனி இறுகிக் கிடக்கும். சுத்தியலால் தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டும். பி.ஓ.டி.க்கு 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடி, 20 டிகிரி இன்குபேட்டரில் ஐந்து நாள் வைக்க வேண்டும். ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆறாவது நாள் கணக்கு. 26 வருடம் இதைத்தான் செய்தேன்.

மாதக் கடைசியில் எல்லா எண்களும் ஒரு அறிக்கையாகப் போகும். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே, தெரிந்தே பொய் எழுதினால் அபராதமும் சிறையும் உண்டு என்று அச்சடித்திருக்கும். ஒரு பிப்ரவரியில் அம்மோனியா வரம்புக்கு மேலே போய்விட்டது. குளிரில், அம்மோனியாவைச் சிதைக்கும் கிருமிகள் சோர்ந்துவிடும். திரும்பச் செய்து பார்த்தேன், அதே எண். புதிதாகச் சேர்ந்திருந்த பையன், “இன்னொரு சாம்பிள் எடுத்துக்கலாமே, மேடம்” என்றான். அவனை உட்கார வைத்து அந்தக் கையெழுத்துப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். வந்த எண்ணை அப்படியே எழுதினோம். மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது, விளக்கம் கேட்டார்கள், கிருமிகளுக்குக் காற்றூதும் குழாய்களை மாற்றப் பல வருடமாகக் கிடைக்காத பணம் அந்த வருடம் கிடைத்தது.

அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அரசு சும்மா இருந்தால், ஆற்றைப் பயன்படுத்தும் சாதாரண ஆளே கோர்ட்டுக்குப் போகலாம். சட்டத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, பிரதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் குறித்துப் பார்ப்பார். ஒரு தடவைகூட அவர் கோர்ட்டுக்குப் போனதில்லை. ஆனால் அவர் வருவார் என்பது எங்கள் எல்லோருக்கும் ஞாபகத்தில் இருக்கும்.

இப்போது கயஹோகாவில் அறுபதுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் இருக்கின்றன. அந்த மீனைச் சாப்பிடுவதற்கு இருந்த தனிக் கட்டுப்பாட்டை 2019-ல் எடுத்துவிட்டார்கள். இங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரிலிருந்து வருகிறவர்கள், “எரிந்த ஆறு எங்கே?” என்று என்னிடம் கேட்பார்கள். கூட்டிக்கொண்டு போவேன். துடுப்புப் படகு விட்டுக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனாலும் கட்டுரை சொல்கிற மாதிரி எல்லாம் வென்றாகிவிடவில்லை. பெர்மிட் என்பது குழாய்க்கு மட்டும்தான். வயலிலிருந்து மழையோடு ஓடிவரும் உரத்துக்கு இல்லை. 2014 ஆகஸ்டில், இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் டொலீடோவில், அப்படி வரும் உரத்தில் செழிக்கும் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் வந்துவிட்டது. சுமார் நான்கு லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று அங்கிருந்த என் மகள் போன் செய்தாள். கூடாதும்மா, கொதிக்க வைத்தால் நஞ்சு இன்னும் கெட்டியாகும் என்றேன். காரில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டு போனோம். அப்புறம் 2023-ல் உச்ச நீதிமன்றம், எந்தெந்தச் சதுப்பு நிலம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதையும் சுருக்கிவிட்டது. என் வாழ்நாள் வேலையின் பாதியை யாரோ அழித்த மாதிரி இருந்தது எனக்கு.

இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தின் கீழே ஆண்டை மாற்றுங்கள். 1969-க்கே படம் வேண்டுமென்றால், தீ அணைந்த மறுநாள் எடுத்தவை இருக்கின்றன. அவற்றில் நெருப்பு இருக்காது. பாலத்தில் நின்று மேயர் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கிளீவ்லண்ட், ஒஹையோ